பதில் கேட்டு வந்த விருந்தினர்

ஜூலை 19

அன்புள்ள குட்டிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டியவளைக் குட்டி என்று எழுதுவதைப் பார்த்து என் மருமகள் சிரிக்கிறாள்.

போனில் பேசலாமே என்பாய். இந்த வீட்டில் கூடம், சமையலறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. நான் ஹலோ சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதனால் கடிதமே போதும். தபால் பெட்டி கீழே வாசலிலேயே இருக்கிறது.

ஒன்பதாவது மாடி. ஜன்னல் பாதிதான் திறக்கும். காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லித்தான் மகன் கூட்டி வந்தான். பகல் முழுக்கத் தனியாகத்தான் இருக்கிறேன். இதை அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

புத்தக விழாவில் என் வேலையை யார் தலையில் கட்டினார்கள்? உன் தலையாகத்தான் இருக்கும். விருந்தினரைத் தங்க வைப்பது என்றால் படுக்கை விரிப்பது மட்டும் இல்லை. கவிதை எழுதுகிற அம்மாவுக்கு ஜன்னலோரம் வேண்டும். சரித்திரப் பெரியவர் குறட்டையில் சுவர் அதிரும், பக்கத்து அறையில் யாரையும் போடாதே. பொம்மலாட்டத் தம்பதிக்குப் பொம்மைகளைப் படுக்க வைக்கத் தனிக் கட்டில் வேண்டும், கேட்டால் சிரித்துவிடாதே.

நான் ஏன் கிளம்பினேன் என்று யாராவது கேட்டால் முழங்கால் வைத்தியத்துக்கு என்று சொல்.

உன் பதிலைப் பார்த்தால்தான் இங்கே கொஞ்சம் காற்று வரும்.

அக்கா

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கால்நடை ஆஸ்பத்திரியில் என் வேலைக்கு நடுவே படித்தேன். எதிரே ஒரு கன்றுக்குட்டியும் அதன் சொந்தக்காரரும் காத்திருந்தார்கள். கன்றுக்குட்டிதான் பொறுமையாக இருந்தது. இங்கே நாங்கள் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். போன விழாவில் புத்தக மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு கிடங்குப் படி ஏறியவள் நீ.

நீ நினைத்தபடியே வேலை என் தலையில்தான் விழுந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் கூடினோம். விழா நடத்தச் சரக்குக் கிடங்கை இந்த வருஷமும் ரயில்வேக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். கூரையில் ஓட்டை இருக்கிறது, தார்ப்பாய் போட வேண்டும். ஒலிபெருக்கி வேலை வழக்கம்போல மைக் மாமாவுக்கு. விருந்தினரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவது என் வீட்டுக்காரருடைய பேக்கரி வண்டி. எழுத்தாளர்கள் எல்லோரும் ரொட்டி வாசனையோடு மேடையேறுவது இந்த வருஷமும் தொடரும்.

முழங்கால் கதையை ஒருவரும் நம்பவில்லை. தலைவர் மருந்துக்கடைக்காரர், "எந்த முழங்கால்னு கேளுங்க, மாத்திரை அனுப்பறேன்" என்றார். சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். உன் பேச்சை எடுத்தாலே மனுஷர் வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறார்.

விழாவுக்கு முன்னால் திடுதிப்பென்று ஏன் போனாய் அக்கா? ஒரு வரியாவது எழுது.

உன் குட்டி

*

செப்டம்பர் 2

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மருமகளுக்கு மட்டும் ஜலதோஷம். நல்ல பெண். எனக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்திருக்கிறாள். அதற்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் இப்போது என் உத்தியோகம்.

நீ கேட்டதற்கு எழுத ஒன்றும் இல்லை. மகன் வந்தான், கூப்பிட்டான், கிளம்பினேன். பெற்றவள் பிள்ளை வீட்டுக்குப் போவதில் என்ன அதிசயம்?

தார்ப்பாயை மேடைக்கு மேல் மட்டும் போடாதே. குழந்தைகள் புத்தகம் அடுக்குகிற கிழக்கு மூலையில்தான் ஒழுகும். கவிதை அம்மா வருகிறார்களா? சரித்திரப் பெரியவருக்கு இந்த வயதில் பயணம் ஒத்துக்கொள்ளுமா? பொம்மலாட்டக்காரர்களுக்கு எழுதிவிட்டாயா? மற்றவர்களும் வருகிறார்கள்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள். விழா என்று சாப்பாட்டை விட்டுவிடாதே.

அக்கா

*

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கோபத்தைத் தவிர.

கவிதை அம்மா வருகிறார்கள். பெரியவர் மகளோடு வருகிறார். பொம்மைகளும் வருகின்றன. நீ பேர் சொல்லிக் கேட்டதெல்லாம் ஆயிற்று. மற்றவர்கள் என்று யாரைக் கேட்கிறாய்? வருஷா வருஷம் திரும்பி வருகிறவர்களில் பாக்கி இருப்பது ஒரே ஒருவர். நம் அகராதிக்காரர்.

முதல் வருஷம் வந்தபோது, "யாருடி இது, அகராதி பிடிச்ச மனுஷன், மேஜை கோணலா இருக்கு, விளக்கு மங்கலா இருக்குன்னு" என்று நீ சலித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அவர் நிஜமாகவே குழந்தைகளுக்கு அகராதி போடுகிறவர் என்று தெரிந்ததும் நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் உன் வீட்டு மாடி அறையில்தான் தங்கினார்.

அவர் வருவதாக எழுதியிருக்கிறார். 'முன்பு தங்கிய அறையே கிடைத்தால் நல்லது' என்று ஒரு வரி. கூட்டத்தில் அதைப் படித்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மைக் மாமா தரையைப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் ஆள் இல்லாதபோது அவரை லாட்ஜில் தங்க வைக்கலாம் என்றார். உன் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறதே என்றேன். பேச்சு மாறிவிட்டது.

நீ ஊரில் இல்லை என்று நான் அவருக்கு எழுதவில்லை. எழுதட்டுமா?

குட்டி

*

அக்டோபர் 28

அன்புள்ள குட்டிக்கு,

உடனே எழுத முடியவில்லை. காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளேன். இப்போது தேவலை. நீ கவலைப்பட ஒன்றும் இல்லை.

அவரை லாட்ஜிலேயே தங்க வை. அதுதான் எல்லோருக்கும் நல்லது. சந்தைப் பக்கத்து லாட்ஜ் வேண்டாம், விடிவதற்கு முன்பே லாரிச் சத்தம் ஆரம்பித்துவிடும். அவர் விடியற்காலையில்தான் அயர்ந்து தூங்குவார். காரம் ஆகாது. கேட்டால் ஆகும் என்றுதான் சொல்வார், நம்பாதே. படிக்கிற விளக்கு ஒன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, கொண்டுபோய் வை.

அவருக்கு எழுதுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

தலைவரோடு சண்டை போடாதே. மாப்பிள்ளையோடும் போடாதே.

அக்கா

*

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

விழா முடிந்தது. கிடங்கைக் கூட்டிப் பூட்டிச் சாவியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீ தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இல்லையென்றால் உட்கார்ந்துகொண்டு படி.

நான் அவருக்கு எழுதவே இல்லை. எழுதினால் வராமல் இருந்துவிடுவாரோ என்று பயம். அது தப்போ சரியோ தெரியவில்லை. முதல் நாள் காலை உன் வீட்டில் தலையணைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம். வண்டிக்குக் காத்திராமல் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிட்டார். வெளுத்த சட்டை, அதே பை.

"உங்க அக்கா இல்லையா?"

"மகன் வீட்டுக்குப் போயிருக்காங்க சார்."

"எப்ப வருவாங்க?"

"தெரியலை."

பையைக் கீழே வைக்கவே இல்லை. மாடிப்படியை ஒரு தடவை பார்த்தார். லாட்ஜில் அறை போட்டிருக்கிறோம் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நடந்தார். பையை நான் வாங்கியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய நிகழ்ச்சிக்கு இந்த வருஷமும் கிடங்கு நிரம்பியது. வழக்கம்போலக் குழந்தைகள் ஒரு சொல்லைச் சொல்லி, அதற்கு அவர்களே பொருளும் சொல்ல வேண்டும். பிடித்தால் எழுதிக்கொள்வார். ஒருத்தி எழுந்து 'காலி' என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "முன்னாடி ஆள் இருந்த இடம்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகும் பேனாவை மூட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. மைக் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசி நாள் மற்ற விருந்தினர் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் எங்களோடு நின்று நாற்காலிகளை மடக்கினார். வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. கடைசி வரிசைக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "ஒரு பதில் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேம்மா. பரவாயில்லை. கேள்வியை அவங்க மறந்திருக்க மாட்டாங்க."

என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.

அவரை ரயிலேற்ற என் வீட்டுக்காரர்தான் போனார். போகும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

உன் குட்டி

*

டிசம்பர் 27

அன்புள்ள குட்டிக்கு,

தொண்டைக்கு வெந்நீர் குடி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பூந்தொட்டியை உள்ளே எடுத்து வைத்திருக்கிறோம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் மெலிந்திருந்தாரா? நீ அதை எழுதவில்லை.

மாப்பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதே. ஆண்பிள்ளைகள் சாப்பிடாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும். இது நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது.

அக்கா

*

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனம் இல்லை, மன்னித்துக்கொள்.

உனக்கு முதலிலிருந்தே தெரியும். 'மாப்பிள்ளையோடும் சண்டை போடாதே' என்று நீ எழுதியபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் துருவவில்லை. அவராகவே சொன்னார். போன வருஷம் ஜூனில், யாருக்கு எந்த வீடு என்று அறை ஒதுக்கக் கூடியபோது அகராதிக்காரர் பேர் வந்ததாம். "அவருக்கு ரூம் கேக்கவே வேணாம்" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். நான் அன்று ஆஸ்பத்திரி வேலையில் இருந்தேன், நீயும் அப்போது வந்து சேரவில்லையாம். இவர் அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரியாமல் உன் பிள்ளைக்குப் போன் செய்திருக்கிறார். உங்க அம்மா பேர் கெடுது, வந்து கூட்டிட்டுப் போ என்று. "சிரிச்சாங்க. என்னால தாங்க முடியலை" என்கிறார். சிரித்தவர்களிடம் போய்ச் சண்டை போட முடியாதவர், உன்னை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்.

ஸ்டேஷனில் அகராதிக்காரர் இவரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். இவர்தான் காரணம் என்று தெரியாமலே. அதற்கு முந்தின வருஷ விழாவின் கடைசி நாள், என்னைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று உன்னிடம் கேட்டாராம். அடுத்த விழாவுக்கு வாங்க, பதில் சொல்கிறேன் என்றாயாம். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது என்றாராம். ரயில் கிளம்பும்போது, "அவங்க பிள்ளைக்கு விருப்பம் இல்லைன்னா நான் இனிமே வரலை. தொந்தரவு குடுக்க வேண்டாம்" என்று சொல்லி, இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

நான் இவரோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. சமைக்கிறேன், வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு இவர் மேல் இருப்பதைவிட உன் மேல்தான் கோபம். கூடப்பிறந்தவளிடம் ஏன் சொல்லவில்லை?

குட்டி

*

பிப்ரவரி 20

என் குட்டிக்கு,

நீ சுகம் விசாரிக்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சலும் இல்லை, முழங்காலும் வலிக்கவில்லை.

மகன் என்னைக் கூட்டி வருகிறபோதே ரயிலில் சொல்லிவிட்டான், சித்தப்பாதான் போன் செய்தார் என்று. அதை உனக்கு எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இப்போது ஆகியிருப்பதுதான் ஆகும். என் வீட்டைப் பூட்டியாயிற்று, உன் வீட்டிலும் ஒரு கதவு சாத்திக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரர் போனபோது இந்தப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றவர் அவர்தான். அந்த உரிமையில்தான் போன் செய்திருக்கிறார். அவரோடு பேசு.

பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தேன். கேட்டவர்களை ஒரு நிமிஷம் காக்க வைத்ததில்லை. இவரை ஒரு வருஷம் காக்க வைத்தேன். பதில் தெரியாமல் இல்லை. மகனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க அவ்வளவு காலம் வேண்டும் போலிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வேறு விதமாக அது அவன் காதுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் குற்றவாளி சமாதானம் சொல்கிற மாதிரிதான் இருக்கும். அதனால் வாயே திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. இத்தனை மாதமும் இந்த வீட்டில் எல்லோரும் பூந்தொட்டியைப் பற்றித்தான் பேசினோம்.

உன் கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அவனிடம் சொன்னேன். அவர் என்னைக் கேட்டது, நான் தவணை சொன்னது, அவர் வந்து திரும்பிப் போனது எல்லாம். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"அது அப்பா இருந்த வீடும்மா" என்றான்.

"ஆமாம். அப்பா போன பிறகு பதினோரு வருஷம் நான் இருந்த வீடும் அதுதான்" என்றேன்.

எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. மருமகள் மட்டும் நான் தூங்கப் போகும்போது வந்து என் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "நீங்க என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சொல்லுங்க, டிக்கெட் நான் போடறேன்" என்றாள்.

நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. பிள்ளை ஒரு பக்கம் இருக்கிறான். எனக்கு ஒரே பிள்ளை.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இறங்கிவிட்டது. உன் உடம்பு நன்றாக இருப்பது தெரிந்து எனக்கு நிம்மதி. நீ பொய்க்காய்ச்சல் வந்தவள் என்பதையும் மறக்கமாட்டேன்.

இவரோடு பேசினேன். முதல் வார்த்தை சண்டையாகத்தான் வந்தது. பரவாயில்லை. பேச்சு பேச்சுதானே. இவர் உன் பிள்ளைக்குப் போன் செய்து, நான் அன்னிக்குச் சொன்னது தப்புப்பா என்றார். அவன் போனை வைத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் செய்தார். அப்போதும் வைத்துவிட்டான். இன்னும் செய்வேன் என்கிறார். தொண்டர்கள் கூட்டத்திலும் எழுந்து சொல்லிவிட்டார், சிரித்தவர்களுக்கு முன்னாலேயே. அவருக்கு மேடைப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

உனக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று. உன் பதில் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதை என் மூலமாக அனுப்பாதே. வேண்டாம் என்பதைக்கூட அந்த மனுஷர் உன் வாயால் கேட்கட்டும்.

குட்டி

*

ஏப்ரல் 22

என் குட்டிக்கு,

உறையின் மேல் இருக்கிற முத்திரையைப் பார்த்துப் பதறியிருப்பாய். நான் நன்றாக இருக்கிறேன். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை அவர் ஊரிலிருந்து எழுதுகிறேன்.

மருமகள் டிக்கெட் போட்டாள். மகன் ஸ்டேஷன் வரைக்கும் வந்தான். என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான், தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரயில் நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கையை எடுக்காமல் கூடவே நடந்து வந்தான். நான் அழவில்லை. வண்டி ஊரைத் தாண்டிய பிறகு அழுதேன். அவன் இன்னும் எனக்குப் போன் செய்யவில்லை. செய்வான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இது தெரிந்துதான் வந்தேன்.

அவர் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப் பகுதியில் குடியிருக்கிறார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். இந்த வருஷத்தில் பாதி உடம்பாகிவிட்டார்.

"கவுண்டரை மூடிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

உள்ளே கூப்பிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் வாசலிலேயே நின்று பதிலைச் சொன்னேன். அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் சொன்னார், வலது காது இப்போது சரியாகக் கேட்பதில்லையாம், இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று. இத்தனை மாதமாக யார் காதிலும் விழக்கூடாது என்று நான் பொத்தி வைத்திருந்ததை, பட்டப்பகலில், மாடி வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கீழே கடையில் சுத்தியல் தட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று. அவருக்குக் கேட்டுவிட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் இங்கே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். சாட்சிக்கு நீ வர வேண்டும். மாப்பிள்ளையும் வர வேண்டும். நான் கூப்பிட்டேன் என்று சொல். வண்டியிலேயே வரச் சொல்.

மகனுக்கும் எழுதியிருக்கிறேன்.

விழா வேலையை இனி நீயே பார்த்துக்கொள், நன்றாகத்தான் செய்கிறாய். டிசம்பருக்கு அறை ஒதுக்கும்போது எங்கள் இரண்டு பேரையும் விருந்தினரில் சேர்த்துக்கொள். ஒரே அறை போதும்.

அக்கா